எஞ்சின் செய்தாச்சு என்றால், எதைச் செய்தாச்சு?

"போன வருஷம்தான் எஞ்சின் செய்தது" என்கிறார் கார் விற்பவர். வாங்க வந்தவர் நிம்மதியாகத் தலையாட்டுகிறார். எதைச் செய்தது என்று இவர் கேட்பதில்லை, அவரும் சொல்வதில்லை. ஹெட்டைக் கழற்றி கஸ்கெட் மாற்றினாலும் இதே பேச்சுத்தான். ரிங் மட்டும் போட்டாலும் இதே பேச்சுத்தான். எஞ்சினை இறக்கி, கடைசி போல்ட் வரை பிரித்து, உலோகம் கடையும் லேத் பட்டறைக்கு அனுப்பி, அளந்து பூட்டினாலும் இதையேதான் சொல்கிறோம். முதலாவது இரண்டு நாளில் முடியும். கடைசியில் சொன்னதற்கு இரண்டு வாரமும் போகலாம். செலவில் உள்ள இடைவெளி அதைவிடப் பெரியது.

இலங்கையில் 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மறுபடி திறந்தது. அந்த ஐந்து வருடமும் கொழும்பு முழுக்கப் பழைய கொரோலாவையும் நிசான் சன்னியையும் மாருதியையும் விட்ஸையும் திருத்தித் திருத்தியே ஓடியது. இப்போதும் வரியோடு சேர்ந்த விலையைப் பார்க்கும் பலருக்குக் கையில் இருக்கும் காரின் எஞ்சினைச் செய்வதுதான் எட்டக்கூடிய வழி. அதனால் இந்த வேலையில் எதை மாற்ற வேண்டும், எதை விடலாம், ஏன் என்று தெரிந்திருப்பது நல்லது. "எல்லாத்தையும் மாத்துங்க" என்பவரும் தவறு செய்கிறார், "உடைஞ்சதை மட்டும் மாத்துங்க" என்பவரும் தவறு செய்கிறார்.

சைக்கிள் பம்பில் தொடங்குவோம்

பழைய சைக்கிள் பம்பின் கம்பி நுனியில் ஒரு தோல் வாஷர் இருக்கும். அது காய்ந்து சுருங்கினால் எவ்வளவு அழுத்தினாலும் டயருக்குக் காற்றுப் போகாது. வாஷரின் ஓரத்தால் பின்பக்கம் வந்துவிடும். இரண்டு சொட்டுத் தேங்காயெண்ணெய் விட்டால் வாஷர் ஊறி, பம்ப் மறுபடி வேலை செய்யும்.

காரின் எஞ்சினும் அடிப்படையில் இதுதான். பம்பின் குழாய்க்குப் பதிலாக சிலிண்டர். கம்பிக்குப் பதிலாக பிஸ்டன். தோல் வாஷருக்குப் பதிலாக பிஸ்டனைச் சுற்றி மூன்று உலோக வளையங்கள், அவைதான் ரிங். மேலிருக்கும் இரண்டும் வாயுவை அடைத்துப் பிடிக்கின்றன. மூன்றாவதான ஒயில் ரிங், சுவரில் தெறிக்கும் ஒயிலை வழித்துக் கீழே அனுப்புகிறது. பெற்றோலும் காற்றும் கலந்த கலவையைப் பிஸ்டன் மேலே போய் நெருக்கும்போது உண்டாகும் அழுத்தத்தைக் கொம்ப்ரெஷன் என்கிறோம். அது இல்லையென்றால் பலம் இல்லை.

பிஸ்டனின் மேல்கீழ் ஓட்டத்தைச் சுழற்சியாக மாற்றுவது கிராங்க் ஷாஃப்ட். இரண்டையும் இணைப்பது கனெக்டிங் ரொட். சிலிண்டர்கள் இருக்கும் பெரிய வார்ப்பு புளொக். அதன் மேல் மூடியாக உட்காருவது ஹெட். காற்று வரவும் புகை போகவும் ஹெட்டில் திறந்து மூடும் கதவுகள் வால்வுகள்.

3,000 ஆர்.பி.எம். (நிமிடத்துக்கு 3,000 சுற்று) வேகத்தில் ஒவ்வொரு பிஸ்டனும் செக்கனுக்கு 50 தடவை மேலே போய், 50 தடவை கீழே வருகிறது. இத்தனை ஓட்டத்திலும் உலோகமும் உலோகமும் நேரடியாகத் தொடுவதில்லை என்பதுதான் ஆச்சரியம். மாரி காலத்தில் பாசி பிடித்த கிணற்றடியில் கால் வைத்தால் வழுக்குகிறதே, அப்போது கால் சீமெந்தில் இல்லை, வழவழப்பான ஒரு படலத்தின் மேல் இருக்கிறது. எஞ்சினின் பாகங்களும் அப்படி ஒயில் படலத்தின் மேல்தான் ஓடுகின்றன. அந்தப் படலம் மெலிகிற இடமெல்லாம் தேய்கிற இடம்.

எங்கே தேய்கிறது

பிஸ்டன் உச்சிக்குப் போய்த் திரும்பும்போது ஒரு கணம் நிற்கிறது. அங்கேதான் சூடு அதிகம், வாயுவின் அழுத்தமும் அதிகம், ஒயில் குறைவு. ஆகவே சிலிண்டர் சுவர் மேலிருந்து கீழ்வரை ஒரே அளவாகத் தேய்வதில்லை. மேல் ரிங் திரும்பும் இடத்தில் கூடுதலாகத் தேய்ந்து குழிகிறது. ரிங் எட்டாத உச்சி விளிம்பு தேயாமல் வயல் வரம்பு போல எழும்பி நிற்கும். ஹெட்டைக் கழற்றிய பின் விரல் நகத்தால் மேல்நோக்கி வழித்துப் பாருங்கள். நகம் தடக்கினால் அந்த வரம்பு உண்டாகிவிட்டது.

கனெக்டிங் ரொட் சாய்ந்தபடி தள்ளுவதால் பிஸ்டன் ஒரு பக்கச் சுவரில் கூடுதலாக அழுந்துகிறது. அதனால் வட்டமாக இருந்த துளை மெல்ல முட்டை வடிவத்துக்குப் போகிறது. கண்ணுக்கு இது தெரியாது, கருவிக்குத்தான் தெரியும்.

கொழும்புக் கார்களுக்கு இன்னொரு சங்கடம் உண்டு. பொரளைச் சந்தியிலும் மருதானையிலும் காலி வீதியிலும் நின்று நின்று போகும் நேரத்தை மீற்றர் கணக்கெடுப்பதில்லை. சக்கரம் சுற்றாவிட்டாலும் எஞ்சின் சுற்றிக்கொண்டே இருக்கிறது. 1,00,000 கி.மீ. என்று மீற்றர் காட்டும் நகரத்துக் காரின் எஞ்சின், அதே தூரத்தை நெடுஞ்சாலையில் ஓடிய எஞ்சினைவிடப் பல மணி நேரம் கூடுதலாக உழைத்திருக்கும். ஒயில் மாற்றும் தவணையைக் கி.மீ. கணக்கில் மட்டும் பார்த்துத் தள்ளிப்போட்டால், ஒயில் ரிங்கின் சிறு துளைகள் கரி பிடித்து அடைகின்றன. பிறகு அது ஒயிலை வழிக்காது. ஒயில் மேலே போய் எரியும்.

இதுவரை வந்ததைச் சுருக்கினால்: எஞ்சின் ஒரு பம்ப், அதன் அடைப்பு ரிங், அது ஓடுவது ஒயில் படலத்தின் மேல். தேய்மானம் எல்லா இடத்திலும் ஒன்றுபோல் நடப்பதில்லை.

பிரிக்கும் முன்னே கேட்க வேண்டியது

புகை வருகிறது என்றதும் எஞ்சினை இறக்கச் சொல்வது பெரிய தவறு. நீலப் புகை என்றால் ஒயில் எரிகிறது. ஆனால் எப்போது வருகிறது என்று பாருங்கள். காலையில் முதல் ஸ்டார்ட்டில் மட்டும் ஒரு குப் என்று வந்து நின்றால், பெரும்பாலும் அது வால்வ் சீல்: வால்வின் தண்டில் ஒயில் இறங்காமல் பிடிக்கும் சின்ன ரப்பர் தொப்பி. சூட்டில் அது இறுகிக் கட்டையாகிவிடும். அதை மாற்ற எஞ்சினை இறக்க வேண்டியதே இல்லை. ஏற்றத்தில் மிதிக்கும்போது தொடர்ந்து நீலமாக வந்தால் ரிங்கில் சந்தேகம். எஞ்சின் சூடேறிய பின்னும் வெள்ளைப் புகை நிற்காமல், ரேடியேட்டரில் தண்ணீரும் குறைந்தால் ஹெட் கஸ்கெட் அல்லது வெடித்த ஹெட். கறுப்புப் புகை பெற்றோல் கூடுதலாக எரிவதன் அடையாளம். அதற்கும் தேய்மானத்துக்கும் பெரும்பாலும் சம்பந்தம் இல்லை.

அடுத்தது கொம்ப்ரெஷன் டெஸ்ட். ப்ளக்குகள் எல்லாவற்றையும் கழற்றி, அந்தத் துளையில் அழுத்தமானியைப் பூட்டி, அக்சிலரேட்டரை முழுதாக மிதித்துக்கொண்டு ஸ்டார்ட்டரைச் சுற்ற வேண்டும். நல்ல நிலையில் உள்ள 1.5 லீற்றர் ஜப்பானிய பெற்றோல் எஞ்சின் எஞ்சினைப் பொறுத்து ஏறத்தாழ 175 முதல் 210 பி.எஸ்.ஐ. (அழுத்தத்தின் அலகு) காட்டும். அதைவிட முக்கியம் சிலிண்டர்களுக்கிடையே உள்ள வித்தியாசம். அது 14 பி.எஸ்.ஐ.க்குள் இருக்க வேண்டும். ஒன்று குறைவாக இருந்தால் அதற்குள் ஒரு தேக்கரண்டி எஞ்சின் ஒயில் விட்டு மறுபடி பாருங்கள். எண் ஏறினால் குறை ரிங்கில். ஏறாவிட்டால் வால்விலோ கஸ்கெட்டிலோ. தோல் வாஷருக்கு விட்ட தேங்காயெண்ணெயின் கதைதான் இது. ஒயில் ரிங்கின் இடைவெளியைத் தற்காலிகமாக அடைக்கிறது. வால்வை அடைக்க அதனால் முடியாது.

இந்த எண்களை எழுதி வாங்காமல் எஞ்சினைப் பிரிக்கச் சம்மதிக்க வேண்டாம்.

பிரித்த பின் மூன்று குவியல்

பிரித்து மேசையில் வைத்த பாகங்களை மூன்று குவியலாக நினைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றையும் மாற்றுவதற்கான காரணம் வேறு. இந்தக் காரணங்களைக் கலந்துவிடுவதால்தான் பணம் வீணாகிறது.

முதல் குவியல்: ஒரு தடவைக்கு மட்டும்

பிரஷர் குக்கரின் ரப்பர் பல நாள் நசிந்த பின் தட்டையாகி ஆவியை விடுவதைப் பார்த்திருப்பீர்கள். எஞ்சினில் இரண்டு பாகங்களுக்கு நடுவே கசிவைத் தடுக்க வைக்கும் தகடு கஸ்கெட். சுழலும் தண்டைச் சுற்றி ஒயிலைப் பிடிக்கும் ரப்பர் வளையம் ஒயில் சீல். இவை ஒரு தடவை நசிந்து அந்த இடத்துக்கு ஏற்ப உருவம் எடுத்தவை. கழற்றினால் முடிந்தது. "நல்லாத்தானே இருக்கு" என்று பழைய ஹெட் கஸ்கெட்டைத் திரும்பப் போடுவதை எந்த நிலையிலும் ஏற்கக் கூடாது. முழு கஸ்கெட் செட்டாக வாங்குவதே வழக்கம், அதுதான் மலிவும்கூட.

பலர் மறக்கும் பொருள் ஹெட் போல்ட். இன்றைய எஞ்சின்கள் பலவற்றில் இந்த போல்ட்டுகள் இறுகும்போது கொஞ்சம் நீளும்படியே செய்யப்பட்டவை. டொயோட்டா 1என்இசட்-எஃப்ஈ எஞ்சினில் முதலில் 29 நியூட்டன் மீற்றர், பிறகு 90 பாகை, மறுபடி 90 பாகை என்று திருக வேண்டும். இப்படி நீண்ட போல்ட், அளவுக்கு மீறி இழுத்த பேனா ஸ்பிரிங் போல முழுதாகப் பழைய நிலைக்குத் திரும்பாது. தயாரிப்பாளரின் கையேட்டில் சொன்ன அளவுக்கு மேல் நீண்டிருந்தாலோ கழுத்து மெலிந்திருந்தாலோ மாற்றியே ஆக வேண்டும். அளக்க வசதியில்லையா, புது செட் போடுங்கள். ஹெட் கஸ்கெட் இரண்டாம் தடவை போவதைவிட அது மலிவு.

இரண்டாம் குவியல்: அளவுகோல் சொல்வது

வேலையின் உயிர் இங்கேதான் இருக்கிறது. பிஸ்டன், சிலிண்டர், கிராங்க், பெயாரிங், ஹெட், வால்வ் ஆகியவற்றைக் கண்ணால் பார்த்துத் தீர்மானிக்க முடியாது. தலைமுடி ஒன்றின் தடிப்பு ஏறத்தாழ 0.07 மி.மீ. நாம் பேசப்போவதில் சில அதையும்விடச் சிறிய அளவுகள்.

சிலிண்டரை மேல், நடு, கீழ் என மூன்று உயரத்திலும், ஒவ்வொரு உயரத்திலும் குறுக்காகவும் நெடுக்காகவும் அளக்க வேண்டும். ஒன்றுக்கு ஆறு எண்கள், நான்கு சிலிண்டருக்கு 24. இந்த 24 எண்களும் எழுதப்பட்ட தாள் இல்லையென்றால் யாரும் அளக்கவில்லை என்றுதான் அர்த்தம்.

"ரிங் மட்டும் போடுவம், செலவு குறையும்" என்ற யோசனை ஏன் பெரும்பாலும் தோற்கிறது என்று பார்ப்போம். ரிங் முழு வளையம் அல்ல. சூட்டில் விரிய ஒரு வெட்டு விட்டிருப்பார்கள். 75 மி.மீ. துளையில் அந்த இடைவெளி சுமார் 0.30 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். துளை வெறும் 0.10 மி.மீ. தேய்ந்து அகன்றால் சுற்றளவு அதன் 3.14 மடங்கு கூடும், அதாவது 0.31 மி.மீ. ஆகவே புத்தம்புது ரிங் போட்டாலும் இடைவெளி 0.61 மி.மீ. இரண்டு மடங்கு. வாயு அதால் இறங்கும், பலம் குறையும், ஒயில் எரியும். துளை முட்டை வடிவமாக இருந்தால் ரிங் சுவரோடு முழுதாகப் படியவும் மாட்டாது. பழைய ரிங் தானும் தேய்ந்து, விளிம்பு உருண்டு, மேலே நிற்கும் வரம்புக்குக் கீழேயே திரும்பப் பழகியிருந்தது. புதிய ரிங்கின் கூரான விளிம்பு அந்த வரம்பில் போய் இடிக்கும். சில நூறு கி.மீ.க்குள் ரிங்கோ பிஸ்டனின் ரிங் பள்ளமோ உடையலாம்.

தேய்மானம் கையேட்டின் எல்லைக்குள் இருந்து, வட்டமும் கெடாமல் இருந்தால் மட்டுமே ரிங் மாற்றி ஹோனிங் செய்தால் போதும். ஹோனிங் என்பது சுவரில் குறுக்கும் மறுக்குமாக நுண்ணிய கோடுகள் கீறுவது. அரைத்து அரைத்து வழவழப்பான அம்மியில் மிளகாய் மசியாது, கொத்த வேண்டும். அதேபோல் கண்ணாடியாகிப்போன சிலிண்டர் சுவரில் புதிய ரிங் பொருந்தாது. அந்தக் கோடுகள் ஒயிலைப் பிடித்து வைக்கின்றன, தொடக்கத்தில் ரிங்கை மெல்லத் தேய்த்துச் சுவரோடு படியவும் வைக்கின்றன.

எல்லை தாண்டினால் போரிங்: துளையைப் பெரிதாக்கி மறுபடி சரியான வட்டமாக்குவது. அதற்கேற்ற பெரிய பிஸ்டன் ஓவர்சைஸ். 0.25, 0.50, 0.75, 1.00 மி.மீ. என்று வரும். கொரோலா 110 காரின் 5ஏ-எஃப்ஈ எஞ்சினின் மூலத்துளை 78.70 மி.மீ.; 0.50 சைஸ் போட்டால் 79.20. ஒரு சிலிண்டர் மட்டும் கெட்டிருந்தாலும் நான்கையும் ஒரே சைஸுக்குக் கொண்டுவருவதுதான் முறை. இல்லாவிட்டால் எடை மாறி எஞ்சின் அதிரும்.

இங்கே ஒரு வரிசை இருக்கிறது, அதைக் குழப்பக் கூடாது. முதலில் அளவு. பிறகு பிஸ்டன் வாங்குவது. பிஸ்டன் கையில் வந்த பின்தான் போரிங். லேத்தில் இருப்பவர் ஒவ்வொரு பிஸ்டனையும் மைக்ரோமீற்றரில் அளந்து, அதற்கு விட வேண்டிய இடைவெளியைக் கூட்டி அந்தந்தத் துளையை வெட்ட வேண்டும். முதலில் போர் பண்ணிவிட்டு, உதிரிப்பாகக் கடைகள் நிறைந்த பஞ்சிகாவத்தை முழுக்கப் பிஸ்டன் தேடி அலைந்தவர்கள் நிறைய. அந்த சைஸ் கிடைக்காவிட்டால் மறுபடி வெட்ட வேண்டிவரும். இன்னொன்று: 5ஏ-எஃப்ஈ போன்ற வார்ப்பிரும்பு புளொக்கில் வெட்ட இடம் உண்டு. 1என்இசட்-எஃப்ஈ போன்ற அலுமினிய புளொக்கில் இருப்பது மெல்லிய இரும்பு லைனர். அதில் 1.00 வரை போகும் பேச்சே வேண்டாம்.

கிராங்க் இதற்கு எதிர்த்திசை. தேய்ந்த தண்டை அரைத்துச் சிறிதாக்குவார்கள், அதற்கேற்பத் தடித்த பெயாரிங் போடுவார்கள், இதுதான் அண்டர்சைஸ். கனெக்டிங் ரொட்டில் இருப்பது பிக் எண்ட் பெயாரிங், புளொக்கில் இருப்பது மெயின் பெயாரிங். இரண்டுமே பாதி வட்டமான மெல்லிய தகடுகள். மேற்பரப்பு வேண்டுமென்றே மென்மையாக வைக்கப்பட்டிருக்கும்: தூசி வந்தால் அது தகட்டில் புதைந்துவிட வேண்டும், கிராங்கைக் கீறக் கூடாது. தகட்டுக்கும் தண்டுக்கும் நடுவே பொதுவாக 0.02 முதல் 0.05 மி.மீ. இடைவெளி. அது கூடினால் ஒயில் ஓரத்தால் ஓடிவிடும், அழுத்தம் விழும், பிறகு "டொக் டொக்" என்று கேட்கும். அந்தச் சத்தத்தோடு ஓட்டினால் ரொட் புளொக்கைப் பிளந்துகொண்டு வெளியே வரலாம்.

இதில் ஒரு பழைய குறுக்குவழியை இன்னும் சில இடங்களில் செய்கிறார்கள்: தளர்ந்த பெயாரிங்குக்கு அடியில் சிகரெட் பெட்டியின் ஈயத்தாளை வைப்பது அல்லது அதை இறுக்கிப் பிடிக்கும் ரொட்டின் மூடியை அரத்தால் அராவுவது. தாள் வைத்தால் பெயாரிங்கின் சூடு ரொட்டுக்குக் கடக்காது. மூடியை அராவினால் துளையின் வட்டம் கெடும். இரண்டுமே கொஞ்ச நாளைக்குச் சத்தத்தை நிறுத்தும், பிறகு கிராங்கையே தின்றுவிடும். ரொட்டின் மூடிகளை ஒன்றுக்கொன்று மாற்றிப் பூட்டுவதும் இதே கேடுதான்; ஒவ்வொரு மூடியும் அதன் ரொட்டோடு சேர்த்துக் கடையப்பட்டது. பிரிக்கும்போதே இலக்கம் இட வேண்டும்.

ஹெட்டுக்கு வருவோம். தண்ணீர் குறைந்து ஒரு தடவை கொதித்தாலே அலுமினிய ஹெட் வளையக்கூடும், ஏனென்றால் அது இரும்பு புளொக்கைவிடக் கூடுதலாக விரிகிறது. நேர்மட்டச் சட்டத்தை வைத்து ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) செருகிப் பார்ப்பார்கள்; இந்த ஜப்பானிய எஞ்சின்களில் எல்லை 0.05 மி.மீ. தாண்டினால் மெலிதாகச் சீவி மட்டமாக்க வேண்டும். சீவுவதற்கு முன்னே அழுத்த நீரில் வைத்து வெடிப்பு இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். வெடித்த ஹெட்டைச் சீவினால் கூலிதான் வீண். வால்வுகளை இருக்கையோடு அரைத்துப் பொருத்திய பின், ஹெட்டின் துளைகளில் பெற்றோல் ஊற்றி வைத்தால் ஒழுக்கு இருக்கிறதா என்று சில நிமிடத்தில் தெரியும். வால்வ் சீல்கள் இங்கேயே புதிதாகப் போகும்.

சுருக்கம்: முதல் குவியலில் ஹெட் போல்ட்டைத் தவிர யோசிக்க எதுவும் இல்லை, எல்லாம் புதிது. இரண்டாம் குவியலில் எண்தான் நீதிபதி. எண் நல்லதென்றால் பழைய பாகமே போதும், வேறு காரணம் தேட வேண்டாம்.

மூன்றாம் குவியல்: சுவரை உடைத்தாயிற்று

குளியலறைச் சுவருக்குள் ஒரு குழாய் ஒழுகுகிறது. டைல்ஸை உடைத்துத் திருத்தும்போது பக்கத்திலிருக்கும் இருபது வருடக் குழாய் இன்னும் ஒழுகவில்லை என்பதற்காக அதை விட்டு மூடுவீர்களா? அடுத்த வருடம் அது ஒழுகினால் டைல்ஸை மறுபடி உடைக்க வேண்டும். பாகத்தின் விலையைவிட அதை எட்டும் கூலி பெரிதாக இருக்கும் இடங்களில் இந்தக் கணக்குத்தான்.

எஞ்சின் வெளியே இருக்கும்போது கிராங்கின் பின் ஒயில் சீல் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. பிறகு அதற்காக மட்டும் கியர் பெட்டியை இறக்க வேண்டும். மனுவல் கார் என்றால் க்ளட்ச் ப்ளேட்டும் ரிலீஸ் பெயாரிங்கும் அப்படியே. வோட்டர் பம்ப், தெர்மோஸ்டாட், ரப்பர் ஹோஸ்கள் மூன்றையும் மாற்றிவிடுங்கள். செய்த எஞ்சினை மறுபடி கெடுப்பது பெரும்பாலும் சூடு, சூட்டைக் காவல் காப்பவை இவை. ரேடியேட்டரையும் கழுவிச் சோதிக்க வேண்டும். குழாய்த் தண்ணீரையே வருடக்கணக்காக ஊற்றிய காரில் உள்ளே துரு சேறாகப் படிந்திருக்கும். திருத்திய பின் கூலன்ட் என்ற குளிர்விக்கும் திரவம்தான் ஊற்ற வேண்டும்.

டைமிங் பெல்ட், கிராங்கையும் வால்வுகளையும் ஒரே தாளத்தில் சுற்ற வைக்கும் பல்பட்டி. 5ஏ-எஃப்ஈ போன்றவற்றில் 1,00,000 கி.மீ. அதன் தவணை. எஞ்சினைப் பிரித்தால் தவணையைப் பார்க்காமல் மாற்றுங்கள், இழுவை உருளையோடு சேர்த்து. செயின் உள்ள எஞ்சினில் செயின் நீண்டிருக்கிறதா, அது வழுக்கி ஓடும் பிளாஸ்டிக் வழிகாட்டிகளில் பள்ளம் விழுந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பி.சி.வி. வால்வ் என்ற சிறு பாகம் எஞ்சினுக்குள் சேரும் வாயுவை வெளியேற்றுவது. மிக மலிவு. அடைபட்டால் புதிய சீல்களையே ஒயில் தள்ளிக்கொண்டு வெளியே வரும்.

ஆனால் இந்தக் குவியலுக்கு ஓர் எல்லை உண்டு. அல்டர்னேட்டர், ஸ்டார்ட்டர், ஏசி கொம்ப்ரெசர் ஆகியவற்றைப் பிறகும் எஞ்சினை இறக்காமல் கழற்றலாம். நன்றாக வேலை செய்கின்றன என்றால் தொட வேண்டாம்.

"ரீகண்டிஷன்" என்ற சொல்

நம் நாட்டில் இந்தச் சொல் தன் பொருளை விட்டு வெகுதூரம் வந்துவிட்டது. உண்மையில் அது திருத்திப் புதுப்பித்தது என்று பொருள்படும். இங்கே ரீகண்டிஷன் எஞ்சின் என்றால் ஜப்பானில் ஓடிய காரிலிருந்து கழற்றிக் கொண்டுவந்த பாவித்த எஞ்சின். யாரும் அதைப் பிரித்துப் பார்க்கவில்லை. நல்லதாகவும் இருக்கலாம், சில வேளை ஓவர்ஹோலைவிட, அதாவது எஞ்சினை முழுதாகப் பிரித்துச் செய்வதைவிட, மலிவாகவும் முடியும். ஆனால் வாங்குமுன் அதே கொம்ப்ரெஷன் டெஸ்ட், ஒயில் மூடியைத் திறந்து உள்ளே கரிச்சேறு இருக்கிறதா என்ற பார்வை, இரண்டும் வேண்டும். முன்பின் ஒயில் சீல்களைப் பூட்டும் முன்னே மாற்றிவிடுங்கள். எஞ்சின் இலக்கம் மாறுவதால் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் பதிவையும் திருத்த வேண்டும். இல்லாவிட்டால் விற்கும் நாளில் புத்தகமும் எஞ்சினும் ஒத்துப்போகாது.

உதிரிப்பாகக் கடையிலும் சொற்களைக் கவனியுங்கள். "ஜப்பான்" என்பது பெட்டியில் உள்ள எழுத்தா, உள்ளே உள்ள பொருளா என்று பார்க்க வேண்டும். ரிங், பெயாரிங், ஹெட் கஸ்கெட், டைமிங் பெல்ட் ஆகிய நான்கிலும் மலிவுப் பொருளைத் தேட வேண்டாம். இவை தோற்றால் மறுபடி முழு எஞ்சினும் பிரிய வேண்டும். ஹோஸ் கிளிப்பிலோ ஏர் ஃபில்டரிலோ மிச்சம் பிடிக்கலாம்.

பூட்டும்போது கெடுவது

நல்ல பாகங்களும் நல்ல லேத் வேலையும் இருந்தும் எஞ்சின் ஏன் ஆறு மாதத்தில் புகைக்கிறது? பெரும்பாலும் அழுக்கு. போரிங்கும் ஹோனிங்கும் முடிந்த சிலிண்டர் சுவரில் அரைகல்லின் துகள் புதைந்திருக்கும். மண்ணெண்ணெயால் கழுவினால் ஒயில் போகும், துகள் போகாது. சவர்க்காரத் தூளும் சுடுநீரும் நைலோன் தூரிகையுமாகத் தேய்த்துக் கழுவ வேண்டும். பிறகு வெள்ளைத் துணியில் ஒயில் தொட்டுத் துடைத்துப் பாருங்கள். துணி சாம்பல் நிறமானால் இன்னும் கழுவ வேண்டும். காய்ந்ததும் உடனே ஒயில் பூச வேண்டும். கொழும்பின் கடற்காற்றில் வெறும் இரும்பு சொற்ப நேரத்திலேயே துருப்பிடிக்கத் தொடங்கிவிடும். கிராங்கின் ஒயில் துளைகளையும் கம்பித் தூரிகை விட்டு, காற்றடித்துத் துப்புரவாக்க வேண்டும்.

அடுத்தது சிலிக்கோன் பசை. கொஞ்சம் பூசினால் போதும் என்ற இடத்தில் குழைத்துப் பூசினால், உள்பக்கம் பிதுங்கியது புழுப் போல உதிர்ந்து ஒயில் வடியில் சேரும். ஒயில் பம்ப் உறிஞ்ச முடியாமல் புதிய பெயாரிங் எரிந்துபோகும். ரிங்கின் எழுத்துள்ள பக்கம் மேலே வர வேண்டும்; மூன்று ரிங்கின் வெட்டுகளும் ஒரே நேரில் நிற்கக் கூடாது. வால்வ் இடைவெளியைக் குளிர்ந்த நிலையில் வைக்க வேண்டும்: மேலே சொன்ன இரண்டு டொயோட்டா எஞ்சின்களிலும் உள்வரும் வால்வுக்கு 0.15 முதல் 0.25 மி.மீ., வெளிவால்வுக்கு 0.25 முதல் 0.35.

முதல் 1,000 கி.மீ.

முதல் ஸ்டார்ட்டுக்கு முன் ப்ளக்குகளைப் பூட்டாமல் ஸ்டார்ட்டரைச் சிறிது சிறிதாகச் சுற்றி, ஒயில் விளக்கு அணையும் வரை ஒயிலை மேலே ஏற்ற வேண்டும். விளக்கு அணைந்தது என்பதற்காக அழுத்தம் நல்லது என்று எண்ண வேண்டாம். மிகக் குறைந்த அழுத்தத்திலேயே அது அணைந்துவிடும். மானி பூட்டிப் பார்த்தால்தான் தெரியும். சூடான 5ஏ-எஃப்ஈ எஞ்சின் 3,000 ஆர்.பி.எம்.மில் 2.5 முதல் 5 கி.கி./ச.செ.மீ. காட்ட வேண்டும்.

பிறகு பலர் செய்யும் தவறு, "புது எஞ்சின், மெதுவா ஓட்டு" என்று மணிக்கணக்கில் ஐட்லிங்கில் விடுவது. ரிங்கைச் சுவரோடு அழுத்துவது எரியும் வாயுவின் அழுத்தம். சுமை இல்லாவிட்டால் அழுத்தம் இல்லை. ரிங் படியாது, ஹோனிங் கோடுகள் வீணே மழுங்கிப்போகும். ஆகவே முதல் நாளே காலி வீதி நெரிசலில் கொண்டுபோய் நிறுத்தாமல், ஒரு போயா (பௌர்ணமி விடுமுறை) தினத்தின் அதிகாலையில் நீர்கொழும்புப் பக்கம் ஓட்டுங்கள். மிதமாக மிதித்து வேகம் கூட்டி, காலை எடுத்து வேகம் குறைய விட்டு, மறுபடி கூட்டி. 3,000 முதல் 3,500 ஆர்.பி.எம்.மைத் தாண்ட வேண்டாம், ஒரே வேகத்தில் நெடுநேரம் போகவும் வேண்டாம், முழுச் சுமையோடு மலையேற வேண்டாம். ஒவ்வொரு காலையிலும் ஒயில் அளவு காட்டும் டிப் ஸ்டிக்கையும் கூலன்ட் மட்டத்தையும் பாருங்கள். முதல் சில நூறு கி.மீ.யில் கொஞ்சம் ஒயில் குறைவது இயல்பு. 1,000 தாண்டியும் அதே அளவு குறைந்துகொண்டே போனால் கராஜுக்குத் திரும்ப வேண்டும்.

500 முதல் 1,000 கி.மீ.க்குள் ஒயிலையும் ஃபில்டரையும் மாற்றிவிடுங்கள். கழற்றிய ஃபில்டரை எறிந்துவிடாமல் வெட்டித் திறந்து, தாளை விரித்து வெயிலில் பிடித்துப் பாருங்கள். மிக நுண்ணிய சாம்பல் பொடி தெரிந்தால் அது ரிங் படிந்த அடையாளம். விரலில் உராயும் அளவுக்குச் செதில்களோ செம்பு நிறத் துணுக்குகளோ இருந்தால் அது பெயாரிங். மேலும் ஒரு கி.மீ.கூட ஓட்டாமல், எழுதி வாங்கிய அளவுத் தாளையும் எடுத்துக்கொண்டு கராஜில் பேசுங்கள்.